அழுங்கின் காதுகளில் பாடியவர்கள்

அகஸ்டினாவுக்கு அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'இடக்காதுப் பெரியம்மா'. அவளுடைய தங்கை ஜெசிந்தினி 'வலக்காதுச் சித்தி'. வெளியிலிருந்து வருபவர்கள் இதைக் கேட்டுவிட்டு, இரு பெண்களுக்கும் காதில் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று எண்ணி உரக்கப் பேசுவதுண்டு. உண்மையில் இருவருக்கும் செவி நன்றாகவே கேட்கும். ஆறு ஆண்டுகளாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்பதைத் தவிர அவர்களிடம் வேறு குறை எதுவும் இல்லை.

பசறையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பஸ், கடைசியாகத் திரும்பி நிற்கும் இடத்துக்கு மேலே இருந்தது அவர்களுடைய தோட்டப் பிரிவு. அங்கிருந்த சின்ன மாதா கோயிலில் அவர்களுடைய தாயார்தான் நெடுங்காலம் பாட்டை எடுத்துக் கொடுத்தவர். மகள்மார் இருவரையும் தம் இரு பக்கத்திலும் நிறுத்திப் பாட வைத்துப் பழக்கியிருந்தார். எட்டு வயது இடைவெளி இருந்தும் அவர்களுடைய குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கோயில் உபதேசியார் பிலிப்பு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே பெண் இரண்டு மடங்கு பலத்தோடு பாடுவது போல இருக்கிறது என்பார்.

அகஸ்டினா பூனாகலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். கணவன் ஜோன்சன் அமைதியான மனிதன். அங்கே அவனுடைய அண்ணன்மாரோடு ஒத்துப்போகாமல், 1994ஆம் ஆண்டில் மனைவியையும் இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு மாமியாரின் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தான். தேயிலை ஆலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. அகஸ்டினாவுக்குக் கிடைக்கவில்லை. தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்கு மாறியிருந்த காலம் அது. நிலையான வேலைக்குப் புதிதாக எவருடைய பேரையும் பதிவதில்லை என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெறும் ஒருவர், தம் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் பேரைக் கொடுக்கலாம். மற்றவர்கள் அன்றன்று கிடைக்கும் கைக்காசுக்குத்தான் கொழுந்து எடுக்க வேண்டும். நாளைக்கு வேலை உண்டா என்பது அவர்களுக்கு நாளைக் காலையில்தான் தெரியும்.

அடுத்த ஆண்டு தாயார் ஓய்வு பெற்றார். தம் பேர் ஜெசிந்தினிக்கு என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஜெசிந்தினியின் கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான்; வருவது அரிது, அனுப்புவது அதைவிட அரிது. ஆகவே அவளுக்கு நிலையான வேலை வேண்டும் என்பது தாயாரின் எண்ணம். ஆனால் கணக்கப்பிள்ளை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அந்தப் பேரைக் கூப்பிட்ட காலையில் ஜெசிந்தினி ஊரில் இல்லை. ஒரு மருத்துவச் சோதனைக்காகப் பதுளைக்குப் போயிருந்தாள். தாயாரும் அவளோடு போயிருந்தார். "இந்த அம்மாவுக்குப் பதிலா யாரு?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார். கூட்டத்தில் நின்ற அகஸ்டினா முன்னே போய்த் தன் பேரைச் சொன்னாள். கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டார்.

அன்று மாலை, வரிசை வீடுகளான அவர்களுடைய லயத்தில் எழுந்த கூச்சலை இங்கே விரிக்க வேண்டியதில்லை. தாயார் இரண்டு ஆண்டுகளில் காலமானார். லயத்தில் அவர் குடியிருந்த அறை, அவருடைய காம்பரா, ஜெசிந்தினியிடம் இருந்தது. அதை ஒட்டிய அடுத்த காம்பரா அகஸ்டினாவுடையது. நடுவில் ஒரு சுவர். சொல்லியே ஆக வேண்டிய செய்தி எதுவும் இருந்தால், அக்காள் தன் வாசலில் நின்று கோழியிடம் சொல்வாள். தங்கை தன் வாசலில் நின்று குடத்திடம் பதில் சொல்வாள். பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் நிற்கப் போவதும், தொழிற்சங்கத் தலைவர் வரப் போவதும், தாயாரின் நினைவுப் பூசைக்கு யார் மெழுகுதிரி வாங்குவது என்பதும் இவ்வாறே தீர்மானிக்கப்பட்டன.

இந்த நிலையில்தான் பதுளையிலிருந்து நிஸாம் என்பவர் தம் வண்டியில் டிவியையும் டெக்கையும் ஏற்றிக்கொண்டு வந்தார். தோட்டம் தோட்டமாகப் போய் வீடியோ படம் ஓட்டுவது அவருடைய தொழில். மாதா திருநாள் அன்று பிற்பகல் கோயில் மண்டபத்தின் சன்னல்களைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குகளால் மூடி இருட்டாக்கிவிட்டு, இரண்டு தமிழ்ப் படங்களையும், பிள்ளைகளுக்காக வெளிநாட்டுப் படம் ஒன்றையும் ஓட்டுவார். 1997ஆம் ஆண்டுத் திருநாளில் அவர் கொண்டுவந்த வெளிநாட்டுப் படம் ஜப்பானியப் படம்.

அந்தத் தேசத்தில் மலையளவு மிருகங்கள் ஊரை மிதித்து அழிக்கும் படங்கள் ஏராளமாக எடுக்கப்படுகின்றனவாம். சிலவற்றில் அந்த மிருகத்துக்குக் காவலாகவும் துணையாகவும் சின்னஞ்சிறு பெண்கள் வருவார்களாம்; பாடுவார்களாம். நிஸாம் தாம் கேட்டறிந்ததைச் சொன்னார். இந்தப் படத்தில் வந்த மிருகம் உடம்பு முழுவதும் செதில் கொண்டது. பிள்ளைகள் அதைப் பார்த்த மாத்திரத்தில் "அழுங்கு" என்றார்கள். காட்டோரத்தில் எறும்புப் புற்றைத் தோண்டும் அழுங்கை அவர்கள் அறிவார்கள். இது அதன் பாட்டன் என்று முடிவு செய்தார்கள். எரிமலைக்கு அடியில் உறங்கும் இந்த அழுங்கின் இரு காதுகளிலும் சாண் உயரம்கூட இல்லாத இரு பெண்கள் குடியிருந்தார்கள். ஒருத்தி இடக்காதில், ஒருத்தி வலக்காதில். நடுவில் மலையளவு தலை இருப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. எங்கே காலை வைப்பது என்று அதற்குப் பாட்டால் சொல்வதே அவர்களுடைய வேலை. இருவரும் சேர்ந்து பாடினால் அழுங்கு வீடுகளை விலக்கி நடக்கும். ஒருத்தி மட்டும் பாடினால் அந்தக் காதின் பக்கமே திரும்பித் திரும்பிச் சுற்றும். சுற்றுகிற இடமெல்லாம் தரைமட்டமாகும்.

பேச்சு முழுவதும் ஜப்பானிய மொழி. ஆகவே உபதேசியார் பிலிப்பு டிவியின் அருகே நின்று கதையைத் தமிழில் சொன்னார். அவருக்கும் அம்மொழி தெரியாது. முகங்களைப் பார்த்துத் தாமே வசனம் அமைத்தார். வில்லனாக வந்த விஞ்ஞானி வேத புத்தகத்துத் தமிழில் பேசினான். அதைக் கூட்டம் ஏற்றுக்கொண்டது. அந்தச் சிறு பெண்கள் வாயைத் திறந்தபோதுதான் சிக்கல் வந்தது. உபதேசியார் தம் கட்டைக் குரலில் பாடிப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அங்கம்மா என்னும் கிழவி, "உபதேசியாரே, காதுக்குள்ள மாடு பூந்த மாதிரி இருக்கு. அந்தப் புள்ளைகளயே பாட வுடுங்க" என்றாள். மண்டபம் சிரித்தது.

அடுத்த ஆண்டும் பிள்ளைகள் அந்தப் படத்தையே கேட்டார்கள். இம்முறை உபதேசியார் முன்னேற்பாடு செய்தார். அகஸ்டினாவிடம் போய், ஜெசிந்தினி பாடச் சம்மதித்துவிட்டாள் என்றார். பிறகு ஜெசிந்தினியிடம் போய், அகஸ்டினா சம்மதித்துவிட்டாள் என்றார். தான் மறுத்தால் மற்றவள் தனியே பாடிப் பேர் வாங்கிவிடுவாள் என்று இருவருமே நினைத்திருக்க வேண்டும்; இருவரும் வந்தார்கள். ஒத்திகை சுவருக்கு இரு பக்கமும் நடந்தது. அகஸ்டினா அடுப்பு ஊதிக்கொண்டே ஓர் அடியை உரக்கப் பாடுவாள். சற்று நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த அடி வரும். ஒரு வாரத்தில் பாட்டு கட்டி முடிந்தது.

காலைப் பார்த்து வையப்பா,
கதவு தெரியுது வையப்பா,
தொட்டில் ஆடுது வையப்பா,
தூரம் தள்ளி வையப்பா.

திருநாளன்று டிவியின் இடப்பக்கம் அக்காளும் வலப்பக்கம் தங்கையும் நின்றார்கள். நிஸாம் சத்தத்தைக் குறைத்தார். உபதேசியார் கையை உயர்த்தியதும் இரு குரல்களும் ஒன்றாக எழுந்தன. அந்த அழுங்கு உண்மையிலேயே அவர்களுக்குக் கீழ்ப்படிந்து நடப்பது போல இருந்தது. அன்று முதல் ஒவ்வொரு திருநாளிலும் அதே படம், அதே பாட்டு. பாடி முடிந்ததும் இருவரும் ஆளுக்கொரு கதவு வழியாக வெளியேறுவார்கள்.

தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கு ஒரு சாமியும் ஆலையின் ரோதைச் சக்கரத்துக்கு ஒரு முனியும் வைத்துக் கும்பிடுகிற மக்களுக்கு, ஜப்பானிலிருந்து வந்த இரு காவல்காரிகளைச் சேர்த்துக்கொள்வது பெரிய காரியமாக இருக்கவில்லை. 1999ஆம் ஆண்டின் கார்த்திகை மழையில் லயத்துக்கு மேலிருந்த மண்மேடு வெடித்துக் கோடு விட்டது. பெரியவர்கள் பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அங்கம்மா நேரே அகஸ்டினாவிடம் வந்தாள். அவளும் தங்கையும் லயத்தின் இரு கோடியிலும் நின்று பாட வேண்டும் என்றாள். மலை காலைப் பார்த்து வைக்கட்டும் என்றாள். அகஸ்டினா தான் வேதக்காரி என்றும் இப்படிச் செய்வது பாவம் என்றும் சொன்னாள். அங்கம்மா விடவில்லை. கடைசியில் பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு இருவரும் இரு கோடியில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல், மழைச் சத்தத்துக்கு மேலே பாடினார்கள். உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டார். எனினும் நடுவில் நின்று கையை உயர்த்தியவர் அவர்தான். மண்மேடு சரியவில்லை. பதுளைச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அகஸ்டினா இதைச் சொன்னபோது, அடுத்த முறை மாதா பாட்டைப் பாடும்படி அவர் சொல்லி அனுப்பினார்.

1996ஆம் ஆண்டில் ஜெசிந்தினிக்குப் பிறந்தவள் தயானி. கைக்குழந்தையாக இருந்த நாள் முதல் அவள் மட்டுமே இரு வாசலுக்கும் பொதுவாக இருந்தாள். தாய் கைக்காசு வேலைக்குப் போகும்போது, பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் அவளை விட்டுச் செல்வாள். ஆனால் மாலையில் தாய் திரும்பத் தாமதமானால், தயானி தானே நடந்து பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சோற்றுச் சட்டியருகே உட்கார்ந்துவிடுவாள். யாரும் அழைப்பதுமில்லை, தடுப்பதுமில்லை. அகஸ்டினாவின் மகன்மார் அதற்குள் கொழும்புக் கடைகளுக்குப் போயிருந்தார்கள். அவளுடைய வீட்டில் ஒரு சிறு தட்டு தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

2001ஆம் ஆண்டில் ஜெசிந்தினி லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போகத் தீர்மானித்தாள். இச்செய்தியை அகஸ்டினா தேயிலை மலையில், பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவளிடமிருந்துதான் அறிந்தாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது என்றும், திருநாளுக்கு அடுத்த வியாழக்கிழமை பயணம் என்றும், தயானியைக் கொஸ்லந்தையில் கணவனின் தாயாரிடம் விடப் போகிறாள் என்றும் அந்தப் பெண் சொன்னாள். குழந்தை பிறந்ததிலிருந்து அந்த மாமியார் ஒரு முறைதான் வந்து பார்த்தவர். மகன் குடும்பத்தை விட்டு விலகியிருப்பதற்கு மருமகளே காரணம் என்று சொல்லித் திரிபவர்.

அகஸ்டினாவுக்கு அன்று முழுவதும் கூடை நிறையவில்லை. பிள்ளையை என்னிடம் விடு என்று கேட்க வேண்டும். அதைக் கோழியிடம் சொல்ல முடியாது. ஜோன்சனைத் தூது அனுப்பிப் பார்த்தாள். அவன் போய்த் தங்கை கொடுத்த தேநீரைக் குடித்து, மழை பொய்த்ததைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தான். "கேக்க வாய் வரல. பேரப் பறிச்சுக்கிட்டு இப்ப புள்ளயயும் கேக்குறீங்களான்னு சொல்லிட்டா என்னா செய்யிறது?" என்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை என்று அகஸ்டினாவுக்கும் தெரிந்திருந்தது.

திருநாள் வந்தது. மழையில்லாத ஆண்டாகையால் நாடெங்கும் மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வெட்டு இல்லை என்று நிஸாம் பசறையில் விசாரித்து வந்திருந்தார். மண்டபம் நிறைந்தது. தயானி முதல் வரிசையில் தன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். படம் ஓடியது. அழுங்கு எரிமலையைப் பிளந்துகொண்டு எழுந்து, வயல்களைத் தாண்டி, ஆற்றங்கரைக்கு வந்தது. எதிர்க்கரையில் நகரம் இருந்தது. முன்னங்காலைத் தூக்கியது. உபதேசியார் கையை உயர்த்தினார். அந்தக் கணத்தில் மின்சாரம் நின்றது.

திரை கறுத்ததும் பிள்ளைகள் ஓலமிட்டார்கள். யாரோ ஒரு சன்னலின் படங்கை விலக்கினார்கள், வெளிச்சம் வந்தது. நிஸாம் வெளியே போய் ஆலைப் பக்கத்துக் கம்பியைப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார். ஆனால் உபதேசியார் கதையை நடுவில் விட்டுவிடக்கூடியவர் அல்லர். அழுங்கு தூக்கிய காலோடு ஆற்றில் நிற்பதாகவும், கீழே ஊர் சனம் மேலே பார்த்துக்கொண்டு நிற்பதாகவும், இனி எல்லாம் காதுகளில் இருக்கும் இருவரின் கையில்தான் என்றும் சொல்லி, மறுபடியும் கையை உயர்த்தினார்.

அகஸ்டினா பாட்டை எடுத்தாள். வலப்பக்கத்திலிருந்து குரல் வரவில்லை. இருட்டில் திரையைப் பார்த்துப் பாடியே பழகியவர்கள் அவர்கள். இப்போது வெளிச்சத்தில், ஜெசிந்தினியின் கண் முன்னே முதல் வரிசையில் தயானி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். தாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள், உதடு அசையவில்லை. அகஸ்டினா இரண்டு அடிகளைத் தனியே பாடினாள்.

"ஒத்தக் காதுல பாடாதீங்க பெரியம்மா, அழுங்கு சுத்துது" என்று பிள்ளைகளிடையே ஒரு குரல் எழுந்தது. மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். சித்தியைப் பாடச் சொல்லும்படி அகஸ்டினாவை நெருக்கினார்கள்.

அகஸ்டினா பாட்டை நிறுத்தினாள். டிவிக்குப் பின்னால் இரண்டடி எடுத்து வைத்து, தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"பாடு ஜெசி. ஊரு மிதிபடப் போவுது."

அக்காளை 'நீ' என்றே அழைத்து வளர்ந்த ஜெசிந்தினி, வேற்றாளிடம் பேசுவது போலப் பேசினாள். "நீங்களே பாடுங்க. எனக்குள்ளதையும் சேத்து எடுத்துக்கிறது ஒங்களுக்குப் பழக்கந்தானே."

அது எதைக் குறிக்கிறது என்று மண்டபத்துப் பெரியவர்களில் அறியாதவர் இல்லை. அகஸ்டினா தன் முந்தானையைக் கையில் சுற்றினாள்; அவிழ்த்தாள்.

"எடுத்தேன்" என்றாள். "அம்மா ஒனக்குன்னு சொன்ன பேரு. நீ அன்னைக்கு ஊர்ல இல்லன்னு தெரிஞ்சுதான் முன்னுக்குப் போயிக் குடுத்தேன். தெரியாமச் செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். புள்ளயக் கொஸ்லந்தைக்கு அனுப்பாத ஜெசி. என்கிட்ட விட்டுட்டுப் போ. கேக்க எனக்கு யோக்கியத இல்ல. இருந்தாலும் கேக்குறேன்."

முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டும் இதில் அக்கறை இல்லை; அவர்கள் இன்னும் ஆற்றங்கரையில்தான் இருந்தார்கள். உபதேசியார் பிலிப்பு தொண்டையைச் செருமினார்.

"தாயி, அழுங்கு இன்னும் காலத் தூக்கிக்கிட்டுத்தான் நிக்குது. லேசான காலு இல்ல. அத எறக்கி வச்சுட்டு மிச்சத்தப் பேசுங்க."

பெண்கள் பக்கத்தில் அங்கம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது. ஜெசிந்தினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உபதேசியாரின் கை உயர்வதற்கு முன்பே அவள் பாடத் தொடங்கிவிட்டாள். அகஸ்டினா அவளை எட்டிப் பிடித்தாள். அழுங்கு நகரத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கடலில் இறங்கியது என்று உபதேசியார் அறிவித்தார். படத்தில் அப்படி இல்லை. அங்கே நகரத்தின் பாதி அழியும். அன்று யாரும் அதைச் சொல்லித் திருத்தவில்லை. பாட்டு முடிந்ததும் ஜெசிந்தினி தயானியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வழக்கம் போலத் தன் பக்கத்துக் கதவு வழியாகவே வெளியேறினாள்.

திங்கட்கிழமை கழிந்தது. பதில் இல்லை. ஊரறியக் கேட்டது பிழையாகிவிட்டதோ என்று அகஸ்டினா கலங்கினாள். தனியே கேட்டிருந்தால் அவள் தனியே மறுத்திருப்பாள். இப்போது மறுத்தாலும் குற்றம், இசைந்தாலும் தோல்வி என்று ஆக்கிவிட்டோமே என்று ஜோன்சனிடம் சொல்லி வருந்தினாள். அவன் தேநீரை ஊதி ஊதிக் குடித்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்து அகஸ்டினா கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தினி வந்தாள். வாசற்படியில் நின்றாள், பிறகு உள்ளே வந்து, பலகைக் கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் எதுவும் இல்லை.

"பேரு விசயத்த நான் மறக்கல" என்றாள். "சபையில சொன்னதால அது சரியாப் போச்சுன்னு நெனைக்காத."

"நெனைக்கல."

"அது வேற, இது வேற. கொஸ்லந்தைக்கு ஆள் சொல்லி அனுப்பிட்டேன், புள்ள வராதுன்னு."

அகஸ்டினா சரி என்று மட்டும் சொன்னாள். கண்ணில் வந்த நீரைத் தங்கை பார்க்கக் கூடாது என்று அடுப்பின் பக்கம் திரும்பி விறகைத் தள்ளினாள். ஜெசிந்தினி பிள்ளையின் வழக்கங்களைச் சொல்லத் தொடங்கினாள். சளி பிடித்தால் வாழைப்பழம் கொடுக்கக் கூடாது. ரொட்டியைக் கிள்ளிக் கொடுக்கக் கூடாது, முழு ரொட்டியாகத்தான் தட்டில் இருக்க வேண்டும். தலை வாரும்போது அழுவாள், அழ விட்டு வார வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை அகஸ்டினாவுக்கு முன்பே தெரியும். ஆயினும் ஒன்றையும் இடைமறிக்காமல் கேட்டாள். கணக்கப்பிள்ளை சொல்லும் வேலையைக் கேட்பது போலத் தலையசைத்துக் கேட்டாள்.

வியாழக்கிழமை காலை பசறை பஸ்ஸுக்கு மூவரும் இறங்கிப் போனார்கள். தயானி பெரியம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, அம்மா பதுளைக்குப் போய் மாலையில் வருவாள் என்ற எண்ணத்தோடு கையசைத்தாள். அவளுக்கு உண்மையைச் சொல்ல அகஸ்டினாவுக்கு இரண்டு நாள் பிடித்தது.

அவளைப் பள்ளியில் சேர்த்ததும், அம்மை போட்டபோது வேப்பிலை கட்டிப் படுக்க வைத்ததும் அகஸ்டினாதான். மாதந்தோறும் வந்த தொலைபேசி அழைப்புக்குத் தோட்டத்துக் கடைவாசலில் கூட்டிப் போய்க் காத்து நின்றதும் அவள்தான். 2004ஆம் ஆண்டில் ஜெசிந்தினி திரும்பி வந்தாள். குழந்தை இனி எந்த வீட்டில் படுப்பது என்பது குறித்து அக்காளுக்கும் தங்கைக்கும் அந்த வாரமே புதிதாக ஒரு சண்டை மூண்டது. லயம் முழுவதும் வெளியே வந்து பார்த்தது. இருவரும் முகத்துக்கு முகம் நின்று, ஒருவர் பேச்சுக்கு மற்றவர் உடனுக்குடன் பதில் சொல்லி, இருட்டும் வரை அந்தச் சண்டையைப் போட்டார்கள்.